மூன்று மில்லிமீட்டர் கோடு

மேற்கு நார்வேயின் ஒரு ஃபியோர்டிலிருந்து, அதாவது மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீளும் கடற்கழியிலிருந்து, எடுத்த மாதிரி என்று வைத்துக்கொள்வோம். எண்ணும் தட்டில், நுண்ணோக்கியின் கீழே, நொய்யரிசி அளவில் ஓர் உயிர் கிடக்கிறது: கடலில் மிதந்து வாழும் கோப்பிபாடு ஒன்று. நீள்வட்ட உடல், உடலைவிட நீளமாகத் தோன்றும் இரண்டு உணர்கொம்புகள், ஓட்டுக்குள் பளபளக்கும் எண்ணெய்ப் பை. வாலை விட்டுவிட்டு முன்னுடலை மட்டும் அளந்தால் 2.7 மில்லிமீட்டர். முதிர்ச்சிக்கு ஒரு படி முந்தைய பருவம். பதிவேட்டில் என்ன பெயர் எழுதுவது?

பல பத்தாண்டுகளாக இதற்குப் பெரிய யோசனை தேவைப்படவில்லை. இந்தப் பருவத்தில் முன்னுடல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் கலானஸ் ஃபின்மார்ச்சிகஸ். மேலே இருந்தால் கலானஸ் கிளேசியாலிஸ். எழுதிவிட்டு அடுத்ததை எடுக்கலாம். ஒரு மாதிரியில் நூற்றுக்கணக்கில் எண்ண வேண்டியிருக்கும்போது இப்படி ஒரு விதி கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

அதே உயிரின் உணர்கொம்பில் ஒரு துண்டை வெட்டி டி.என்.ஏ.வைப் பார்த்தால், அது கிளேசியாலிஸ் என்று வருவதற்குக் கணிசமான வாய்ப்பு இருக்கிறது. எந்த ஃபியோர்டுகளில் ஃபின்மார்ச்சிகஸ் மட்டுமே வாழ்கிறது என்று எழுதி வைத்திருந்தார்களோ, அவற்றுள் பலவற்றில் பெரும்பான்மையே மற்றதுதான் என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு சிற்றினங்களைப் பிரிக்கப் போட்ட ஒரு கோடு எப்படி வந்தது, ஏன் நிலைத்தது, எங்கே உடைந்தது என்பதுதான் இங்கே பார்க்கப்போவது.

பெயர்கள் வந்த வரிசை

கோப்பிபாடுகள் இறால், நண்டு வகையறாவுக்குத் தூரத்துச் சொந்தம். தமிழில் துடுப்புக்காலிகள் என்று எழுதுகிறார்கள். நீந்தும் விதத்தைப் பார்த்தால் பொருத்தமான பெயர். அவற்றில் கலானஸ் பேரினம் வட அட்லாண்டிக், ஆர்க்டிக் கடல்களின் சோற்றுப்பானை. நுண்பாசியைத் தின்று அதைக் கொழுப்பாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. அந்தக் கொழுப்பை நம்பி ஹெர்ரிங் மீன், காட் மீனின் குஞ்சுகள், கடற்பறவைகள், சில திமிங்கிலங்கள் எல்லாம் வாழ்கின்றன. நார்வே மீனவர்கள் இதைச் சிவப்பு இரை என்ற பொருளில் ‘ரௌடோட்டே’ என்பார்கள். கூட்டமாகச் சேர்ந்தால் கடல்நீரே செம்மை பூசியது போலத் தெரியும்.

முதலில் பெயர் வைத்தவர் ஒரு கிறிஸ்தவ ஆயர். ட்ரொன்ட்ஹெய்மின் யோஹான் எர்ன்ஸ்ட் குன்னெருஸ், நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க் பகுதியில் கிடைத்ததை 1770இல் மோனோகுலஸ் ஃபின்மார்ச்சிகஸ் என்று விவரித்தார். மோனோகுலஸ் என்றால் ஒற்றைக்கண்ணன். அன்றைக்கு ஒற்றைக் கண் தெரிந்த பொடி நீருயிர்கள் எல்லாம் அந்த ஒரே சாக்குக்குள்தான் போயின. கலானஸ் என்ற பேரினப் பெயர் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. 1838இல் ஹைப்பர்போரியஸ் தனியாகப் பிரிந்தது. அது உருவத்தில் பெரியது. வளர்ந்த பெண்ணின் மார்புக் கடைசிக் கண்டத்தின் மூலைகள் கூர்முள்ளாக நீண்டிருக்கும். கண்ணுள்ளவர் யாரும் தவறவிட மாட்டார்கள். 1863இல் ஹெல்கோலாண்டிகஸ். அது தனிச் சிற்றினம்தானா, ஃபின்மார்ச்சிகஸின் தெற்கத்தி வடிவமா என்று பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது.

கிளேசியாலிஸ் வந்தது வெகு தாமதமாக, 1955இல். ரஷ்ய ஆய்வாளர் வி.ஏ. யாஷ்னோவ் ஆர்க்டிக் கண்டத்திட்டுக் கடல்களில் வாழும் பெரிய உருவத்தைத் தனியாகப் பிரித்தார். லத்தீனில் பனிக்கட்டிக்குரியது என்று பொருள். அப்படியானால் அதுவரை ஆர்க்டிக்கில் ஃபின்மார்ச்சிகஸ் என்று எழுதப்பட்ட பதிவுகளில் எத்தனை கிளேசியாலிஸ்? யாரும் திரும்பிப் போய் எண்ண முடியாது. வேடிக்கை என்னவென்றால், ஸ்காட்லாந்தின் மில்போர்ட்டில் ஆயுளெல்லாம் ஃபின்மார்ச்சிகஸோடு வாழ்ந்த ஷீனா மார்ஷலும் ஏ.பி. ஓரும் தங்கள் பெரும் உழைப்பைப் புத்தகமாக வெளியிட்டதும் அதே 1955இல்தான். பின்னர் 1974இல் புரூஸ் ஃப்ராஸ்ட் பசிபிக்கிலிருந்து இன்னொரு நெருங்கிய உறவைப் பிரித்து அதற்கு மார்ஷலே என்று பெயரிட்டார். குடும்பம் இப்படிப் பெருகிக்கொண்டே போனது. ஒவ்வொரு பிரிவிலும் முந்தைய பதிவுகள் கொஞ்சம் கலங்கின.

எப்போது பிரிக்க முடிந்தது

குழப்பம் தீர்ந்த ஒரு கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உருவத்தைப் பார்த்துப் பிரிப்பதே வீண் என்ற எண்ணம் வந்துவிடும். ஃபின்மார்ச்சிகஸையும் ஹெல்கோலாண்டிகஸையும் வளர்ந்த நிலையில் பிரிக்கலாம். ஹெல்கோலாண்டிகஸ் பெண்ணின் தலை முன்பக்கம் சற்றுக் கூம்பியிருக்கும். நம்பகமான அடையாளம் ஐந்தாம் நீந்துகாலில் இருக்கிறது: அடிக்கண்டத்தின் உள்விளிம்பில் ஒரு வரிசைச் சிறுபற்கள். ஃபின்மார்ச்சிகஸில் அந்த வரிசை நேராகப் போகும்; ஹெல்கோலாண்டிகஸில் உள்வாங்கி வளைந்திருக்கும். காலைப் பிரித்தெடுத்து, பக்கவாட்டில் கிடத்தி, பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் கடல் உயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி தொடங்கிவைத்த, மிதந்து வாழும் பொடி உயிர்களைச் சேகரிக்கும் தொடர் மிதவைப் பதிவுக்கருவி 1931 முதல் வணிகக் கப்பல்களின் பின்னால் இழுபட்டு வருகிறது. உள்ளே ஒரு பட்டுத்துணிச் சுருள் நகர்ந்துகொண்டே இருக்கும். பத்துக் கடல்மைலுக்கு ஒரு துண்டு என்று கடல் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் துணியில் இந்த இரண்டையும் 1958 முதல் பிரித்து எண்ணி வருகிறார்கள். கடைசி இரண்டு பருவங்களை மட்டும். அதற்கு முந்தைய நான்கு பருவங்களையும் ‘கலானஸ்’ என்று ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். முடியாததை முடியாது என்று எழுதி வைத்த அந்தப் பெட்டியை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த எண்ணிக்கையால்தான் வடகடலில் ஃபின்மார்ச்சிகஸ் குறைந்து ஹெல்கோலாண்டிகஸ் பெருகியது தெரிந்தது. முன்னது வசந்தத்தில் உச்சம் தொடும். பின்னது கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும். வசந்தத்தில் பிறக்கும் காட் குஞ்சுகளுக்குச் சோறு கிடைக்க வேண்டிய நேரத்தில் பானை காலி. பெயர் பிரிக்காமல் ‘கலானஸ் இவ்வளவு’ என்று மட்டும் எண்ணியிருந்தால் இந்த மாற்றத்தின் பாதி தெரியாமலே போயிருக்கும்.

கோடு எப்படிப் போட்டார்கள்

ஃபின்மார்ச்சிகஸுக்கும் கிளேசியாலிஸுக்கும் இடையில் அப்படி ஒரு கால் கிடைக்கவில்லை. யாஷ்னோவுக்குப் பிறகு வந்தவர்கள் ஐந்தாம் காலின் வளைவில் வித்தியாசம் சொன்னார்கள். ஆனால் அது ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் வித்தியாசம், அதுவும் வளர்ந்த உருப்படிகளில். குளிர்காலத்தில் ஆழத்தில் உறங்கிக் கிடப்பவை, பறவைகள் தேடித் தின்பவை எல்லாம் பெரும்பாலும் ஐந்தாம் கோப்பிபோடிட் பருவத்தவை, அதாவது முதிர்ச்சிக்கு ஒரு படி முந்தியவை. அவற்றில் காலின் பல்வரிசை கைகொடுக்காது.

ஆகவே நீளத்தை எடுத்தார்கள். நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடல் போன்ற இடங்களில் ஒரு பருவத்து உயிர்கள் நிறையவற்றை அளந்து வரைபடம் போட்டால் இரண்டு திமில்கள் தெரியும். சிறிய திமில் அட்லாண்டிக்காரன், பெரிய திமில் ஆர்க்டிக்காரன், நடுவிலுள்ள பள்ளம் எல்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் ஓர் எல்லை எண் வைத்தார்கள். ஐந்தாம் பருவத்துக்கு அது 3 மில்லிமீட்டரை ஒட்டி நின்றது.

இதில் தவறு என்று சொல்ல முடியாது. அந்தக் கடலில், அந்த வெப்பநிலையில், இரண்டு திமில்களும் உண்மையாகவே இருந்தன. சிக்கல் கோடு பயணம் போனபோது தொடங்கியது. பேரன்ட்ஸ் கடலில் போட்ட கோட்டை ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்கும் கிரீன்லாந்துக்கும் நார்வேயின் ஃபியோர்டுகளுக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவருக்குத் தைத்த சட்டையை ஊர் முழுக்கப் போட்டுப் பார்த்தது போல. இன்னொன்றும் உண்டு. ஒரே சிற்றினம் மட்டும் இருக்கும் கடலில் எந்தக் கோடும் தேவையில்லை. கிளேசியாலிஸ் மட்டுமே வாழும் ரஷ்யாவின் வெள்ளைக்கடலில் அதைத் தவறவிட ஆளில்லை. இரண்டும் கலந்து வாழும் இடத்தில்தான் கோடு வேண்டும். அந்தக் கலப்பு இடங்களில்தான் அது வழுக்கியது.

மற்ற அடையாளங்களையும் முயன்றார்கள். கிரீன்லாந்தின் மேற்குக்கரையில் டிஸ்கோ விரிகுடாவில் உயிரோடு பிடித்த பெண்களைப் பார்த்தபோது, கிளேசியாலிஸின் உணர்கொம்புகளும் இனப்பெருக்கக் கண்டமும் சிவந்திருந்தன, ஃபின்மார்ச்சிகஸ் வெளுத்திருந்தது. 2014இல் மரபணு சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதும் அங்கே அந்தச் சிவப்பு நன்றாகவே வேலை செய்தது. கப்பல் மேல்தளத்திலேயே, எதையும் வெட்டாமல், கண்ணால் பார்த்துப் பிரிக்கலாம் என்பது பெரிய வரம். ஆனால் அந்தச் சிவப்பு அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி. தின்னும் பாசியிலிருந்து வரும் பொருளைக் கொண்டு உடல் உண்டாக்கிக்கொள்வது. உணவும் சூழலும் மாறினால் நிறமும் மாறும் என்று எதிர்பார்ப்பதுதானே முறை? போதாக்குறைக்கு, ஃபார்மலினிலோ ஆல்கஹாலிலோ போட்டால் சிவப்பு போய்விடும். ஜாடியில் இருக்கும் பழைய மாதிரிக்கு இந்த அடையாளம் உதவவே உதவாது.

தாடையின் வெட்டுப்பற்களின் அமைப்பையும் பார்த்தார்கள். அது நுணுக்கமான வேலை, அழகான வேலையும்கூட.

விரிசல்கள்

முதல் விரிசல் பெர்கன் நகருக்கு வடக்கே உள்ள லூரேஃபியோர்டில். கடலோடு குறுகலான, ஆழமற்ற வாயால் மட்டும் இணைந்த ஃபியோர்டு அது. ஆர்க்டிக்குக்கு வெகு தெற்கே இருந்தும் அங்கே கிளேசியாலிஸ் வாழ்வது 2000ஆம் ஆண்டை ஒட்டிய மரபணு ஆய்வுகளில் உறுதியானது. அப்போது இதை ஒரு விதிவிலக்காக, பழைய குளிர் யுகத்தின் எச்சமாகப் பார்க்க முடிந்தது. எல்லாத் துறைகளிலும் முதல் விரிசலுக்கு இப்படித்தான் சுண்ணாம்பு பூசுவார்கள்.

பிறகு கனடாவின் ஆர்க்டிக், அட்லாண்டிக் கரைகளில் 2011இல், ஸ்வால்பார்ட் பக்கம் 2012இல் என்று அடுத்தடுத்து ஆய்வுகள் வந்தன. முறை ஒன்றுதான்: அளந்து பெயர் வை, பிறகு டி.என்.ஏ. பார், இரண்டையும் ஒப்பிடு. நீளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. தவறுகள் இரு பக்கமும் சமமாக விழவில்லை என்பதுதான் முக்கியமான செய்தி. சிறிய கிளேசியாலிஸ் கோட்டுக்குக் கீழே விழுந்து ஃபின்மார்ச்சிகஸ் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தது.

உணர்கொம்பின் ஒரு துண்டு

தொடக்கக் காலச் சோதனைகள், செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வைப் பார்த்தன. ஒரு செல்லுக்குள் பல பிரதிகள் இருப்பதால் எடுப்பது எளிது. சிற்றினங்களுக்கிடையே வேறுபாடும் தெளிவு. குறை என்னவென்றால் அது தாய்வழி மட்டுமே வரும். இரண்டு சிற்றினங்கள் கலந்து பிறந்த பிள்ளையாக இருந்தால் அம்மாவின் பெயரை மட்டும் சொல்லும், அப்பாவைப் பற்றி வாய் திறக்காது.

உட்கரு டி.என்.ஏ.வுக்குப் போகலாம் என்றால் அங்கே வேறு தடை. கலானஸின் மரபுத்தொகுதி, அதாவது முழு டி.என்.ஏ. தொகுப்பு, பிரம்மாண்டமானது. நொய்யரிசி அளவுள்ள ஃபின்மார்ச்சிகஸின் மரபுத்தொகுதி மனிதனுடையதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கிளேசியாலிஸுடையது அதையும்விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்று மில்லிமீட்டர் உடலுக்கு எதற்கு இத்தனை என்று கேட்கத் தோன்றும். பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். முழுதாகப் படித்துக் கோர்ப்பது எளிய காரியமில்லை.

ஆகவே நார்வேயின் போடோ நகரில் ஆய்வாளர்கள் சுற்றுவழி ஒன்றைப் பிடித்தார்கள். உட்கரு மரபணுக்களில் சில இடங்களில் ஒரு சிற்றினத்தில் டி.என்.ஏ.வின் சில எழுத்துகள் கூடுதலாக நுழைந்திருக்கும், மற்றதில் விடுபட்டிருக்கும். இன்டெல் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்தத் துண்டைப் பி.சி.ஆர். என்ற பிரதியெடுக்கும் முறையில் பெருக்கினால் ஒரு சிற்றினத்தில் நீளமாகவும் மற்றதில் குட்டையாகவும் வரும். எழுத்து எழுத்தாகப் படிக்கத் தேவையில்லை, துண்டின் நீளத்தைப் பார்த்தால் போதும். மறுபடியும் நீளம்தான்! ஆனால் இந்த நீளம் தண்ணீரின் வெப்பத்தால் மாறாது. இரு பெற்றோரிடமிருந்தும் வருவதால் கலப்பினமாக இருந்தால் இரண்டு நீளமும் ஒருசேரத் தெரியும். 2014இல் இந்தக் குறிகள் வெளியாயின. உணர்கொம்பிலிருந்து ஒரு துண்டு போதும். மீதி உடல் அளக்கவும் வரையவும் அப்படியே இருக்கும். விலையும் அதிகமில்லை.

உடல் அப்படியே மிஞ்சுகிறது என்பதை லேசாக விட்டுவிடக் கூடாது. பெயர் உறுதியான உடல் கையில் இருந்தால், பழைய அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பரீட்சைக்கு உட்கார வைக்கலாம்.

அதைத்தான் ஆய்வாளர் மார்வின் ஷோக்கே முதலானோர் செய்தார்கள். 2017இல் வந்த முதல் கட்டுரை வட அட்லாண்டிக், ஆர்க்டிக் முழுவதற்குமான வரைபடத்தைத் திருத்தி வரைந்தது. சிற்றினங்களின் எல்லைகள் நினைத்ததைவிட வெகு அகலமானவை, வெகுவாக ஒன்றோடொன்று மேவியவை. நார்வேயின் பல ஃபியோர்டுகளில் கிளேசியாலிஸ்தான் பெரும்பான்மை. ஹைப்பர்போரியஸும் எதிர்பாராத அளவில் இருந்தது. ஃபியோர்டுகளுக்கிடையே மரபணு வேறுபாடு கிளேசியாலிஸில் ஃபின்மார்ச்சிகஸைவிட அதிகம். விருந்தாளிகள் என்றால் எல்லா ஃபியோர்டிலும் ஒரே மாதிரி இருப்பார்கள். ஒவ்வொரு ஃபியோர்டிலும் தனித்தனி முகம் தெரிந்தால் அவர்கள் அங்கேயே குடியிருப்பவர்கள். யாரைக் குடியிருப்பவர் என்று நினைத்தோமோ அந்த ஃபின்மார்ச்சிகஸ்தான் வந்து போகிறவர் போல இருக்கிறது.

2018இல் வந்த இரண்டாவது கட்டுரைதான் பரீட்சை முடிவு. முன்னுடல் நீளம், உணர்கொம்பு மற்றும் இனப்பெருக்கக் கண்டத்தின் சிவப்பு, ஐந்தாம் காலின் அமைப்பு, தாடையின் அமைப்பு என நான்கையும், டி.என்.ஏ.வால் பெயர் உறுதியான உருப்படிகளில் ஒரே நேரத்தில் சோதித்தார்கள். நான்கில் ஒன்றுகூட இரண்டையும் நம்பகமாகப் பிரிக்கவில்லை. டிஸ்கோவில் செல்லுபடியான சிவப்பு எல்லாக் கடலிலும் செல்லுபடியாகவில்லை.

நம்மூர்ச் சந்தையில் காய்ந்த கூனி வாங்கும்போதும் இதே கேள்வி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அசெடிஸ் பேரினத்தில் இண்டிகஸ், எரித்ரேயஸ் என்று ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் நம் கிழக்குக்கரையில் வலையில் விழுகின்றன. அவற்றுக்கு ஆணின் இனப்பெருக்க உறுப்பான பெட்டாஸ்மாவின் வடிவம் கைகொடுக்கிறது. கலானஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

கோடு எதை அளந்தது

குளிர்ந்த நீரில் வளரும் கோப்பிபாடு மெதுவாக வளர்ந்து பெரிதாகும். வெதுவெதுப்பில் விரைவாக முதிர்ந்து சிறிதாக நிற்கும். குளிர்க்குருதி உயிர்கள் பலவற்றுக்கும் பொதுவான போக்கு இது. ஸ்வால்பார்டின் கிளேசியாலிஸைவிடத் தெற்கு நார்வேயின் கிளேசியாலிஸ் சிறியது. ஃபின்மார்ச்சிகஸும் அப்படியே. வடக்கே வளர்ந்த ஃபின்மார்ச்சிகஸும் தெற்கே வளர்ந்த கிளேசியாலிஸும் அளவுகோலில் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

அப்படியானால் 3 மில்லிமீட்டர் கோடு அளந்தது எதை? பாதி சிற்றினத்தை, பாதி தண்ணீரை. குளிர்நீரில் இருந்து வந்த உயிர் பெரிதாக இருந்தது, ஆகவே ‘ஆர்க்டிக் சிற்றினம்’ என்று எழுதினார்கள். பிறகு ஆர்க்டிக் சிற்றினம் குளிர்நீரில் வாழ்கிறது என்று வரைபடம் போட்டார்கள். வரைபடம் கோட்டை நிரூபித்தது, கோடு வரைபடத்தை நிரூபித்தது. செக்குமாடு சுற்றி வந்த இடத்துக்கே வந்து நின்றது.

இதன் கடுமையான விளைவு ஒன்று எனக்குத் தோன்றுகிறது. இது என் அனுமானம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபின்மார்ச்சிகஸ் அட்லாண்டிக் நீரின் அடையாளம், கிளேசியாலிஸ் ஆர்க்டிக் நீரின் அடையாளம் என்று வைத்துக்கொண்டு, இவற்றின் விகிதத்தைக் காலநிலை மாற்றத்தின் அளவுமானியாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு ஃபியோர்டில் கிளேசியாலிஸ் மட்டுமே இருக்கிறது, நீர் சற்றுச் சூடாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக யாரும் வரவில்லை, யாரும் போகவில்லை. குடியிருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் சிறுத்துப்போகிறார்கள். கோட்டுக்குக் கீழே விழுபவர்கள் கூடுகிறார்கள். பதிவேடு என்ன சொல்லும்? அட்லாண்டிக் சிற்றினம் படையெடுத்து வந்துவிட்டது என்று. ஆர்க்டிக் சூடாகவில்லை என்று இதற்குப் பொருளில்லை. அதை வெப்பமானிகள் நேராகவே சொல்கின்றன. உயிர்கள் இடம்பெயர்ந்தனவா, இருந்த இடத்திலேயே மாறினவா என்ற கேள்விக்கு மட்டும் அளவுகோல் பதில் சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு செய்திகள்.

ஸ்வால்பார்டின் சிறு ஆக் பறவைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கைக்கடக்கமான கறுப்பு வெள்ளைப் பறவை. குஞ்சுக்குத் தொண்டைப் பையில் கோப்பிபாடுகளை நிரப்பிக் கொண்டுவரும். கிளேசியாலிஸின் கொழுப்பு அதிகம் என்பதால் அதைத் தேடித் தின்கிறது, ஃபின்மார்ச்சிகஸ் நிறைந்த நீர் வந்தால் குஞ்சு பட்டினி கிடக்கும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். ஆனால் தொண்டைப் பையில் இருந்தவற்றுக்கும் பெயர் வைத்தது அதே அளவுகோல்தானே? பெரியதைக் கிளேசியாலிஸ் என்று அழைத்துவிட்டு, கிளேசியாலிஸ் பெரியது, கொழுத்தது என்று கண்டுபிடித்தால் அதில் வியப்பு என்ன? பறவைக்குப் பெயர் தெரியாது, கொழுத்ததைக் கொத்துகிறது. உடலின் அளவு ஒன்றாக இருந்தால் இரண்டின் கொழுப்பும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று கேட்டு 2018இல் ஓர் ஆய்வு வந்தது. வடக்கே நகரும் அட்லாண்டிக் கோப்பிபாடு எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்ற அச்சத்தை அது சற்றுத் தணித்தது.

அதற்காகப் பெயரே வேண்டாம் என்ற முடிவுக்குப் போக முடியாது. வாழ்க்கை முறை வேறு. கிளேசியாலிஸ் சேமித்த கொழுப்பைக் கொண்டே பாசி பூக்கும் முன் முட்டையிடத் தொடங்கும். கடற்பனியின் அடியில் வளரும் பாசியையும் பயன்படுத்திக்கொள்ளும். ஃபின்மார்ச்சிகஸ் பெரும்பாலும் வசந்தப் பாசிப் பெருக்கு வந்த பிறகே முழு வேகத்தில் முட்டையிடும். பனி முன்கூட்டி உருகினால் இரண்டுக்கும் ஒரே கதி வராது. பறவைக்குத் தேவையில்லாத பெயர், நாளை கடலில் என்ன இருக்கும் என்று சொல்ல முயல்பவருக்குத் தேவை.

கலப்பினம் என்ற கிளைக்கதை

நடுவில் ஒரு பரபரப்பு. 2012இல் வடமேற்கு அட்லாண்டிக்கிலும் ஆர்க்டிக்கிலும் இவை இரண்டும் இயற்கையாகவே கலப்பதாக ஒரு கட்டுரை வந்தது. அது பயன்படுத்தியது நுண்மீள்வரிசைகள் என்ற வேறு வகைக் குறிகள்: டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் குறுந்துண்டுகள். கலப்பினம் உண்டென்றால் சிற்றினம் பிரிக்கும் வேலையே சேற்றில் இறங்கிவிடும்; இடைப்பட்ட நீளத்துக்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும். ஆனால் இன்டெல் குறிகளோடு போனவர்களுக்குக் கலப்பினம் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டும் சேர்ந்து வாழும் இடத்தில் பின்னர் குறிப்பாகத் தேடியபோதும் இல்லை. நுண்மீள்வரிசைகளில் இரு சிற்றினங்களின் துண்டு நீளங்களும் ஒன்றோடொன்று மேவ வாய்ப்புண்டு. மேவினால் பொய்க் கலப்பு தெரியும். இன்டெல் பக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது. ஆக, சேர்ந்து வாழ்கின்றன, பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன, ஆனால் கலப்பதில்லை.

ஜாடிகள்

இனிப் பழைய பதிவுகளை என்ன செய்வது? மாதிரிகள் பல ஆய்வுக்கூட அலமாரிகளில் ஜாடி ஜாடியாக இருக்கின்றன. எடுத்து டி.என்.ஏ. பார்த்தால் போயிற்று என்று தோன்றும். அவற்றில் பெரும்பாலானவை ஃபார்மலினில் கிடப்பவை. உடலின் வடிவத்தைக் காப்பாற்ற ஃபார்மலினைப் போல ஒன்றில்லை, டி.என்.ஏ.வைத் துண்டாக்கிப் பிணைத்துக் கெடுப்பதிலும் அது கெட்டிக்காரன். உருவம் பார்த்துப் பெயர் வைத்த காலத்துக்கு ஏற்ற முறையில் பாதுகாத்தார்கள், அது அவர்கள் குற்றமில்லை. ஆல்கஹாலில் போட்டவை மிஞ்சும்.

வணிகப் பக்கமும் இருக்கிறது. நார்வே ரௌடோட்டே பிடிப்பை முறைப்படுத்தி, 2019இல் 2,54,000 டன் என்று மேல்வரம்பு வைத்தது. திறந்த நார்வேக் கடலில் பிடிக்கும்போது வலையில் விழுவது பெரும்பாலும் ஃபின்மார்ச்சிகஸாகவே இருக்கும். அங்கே இந்தக் குழப்பம் பெரிதாகக் கடிக்காது. கரையோரத்தில், ஃபியோர்டுகளில் பிடிப்பது என்று வந்தால் கதை வேறு. வெளியிலிருந்து நிரம்பிக்கொண்டே இருக்கும் கூட்டத்தைப் பிடிப்பதும், ஒரு ஃபியோர்டுக்குள் தனித்து வாழும் கூட்டத்தைப் பிடிப்பதும் ஒன்றாகுமா?

நடைமுறையில் இப்போது கவனமானவர்கள் செய்வது இதுதான்: மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை ஃபார்மலினிலும் மறு பாதியை ஆல்கஹாலிலும் போடுகிறார்கள். முழுவதையும் எண்ணி, பருவம் பிரித்து, நீளம் அளக்கிறார்கள். ஆல்கஹால் ஜாடியிலிருந்து ஒவ்வொரு பருவத்துக்கும் சில பத்து உருப்படிகளை எடுத்து உணர்கொம்பை வெட்டிச் சோதித்து, அந்த இடத்தில், அந்தப் பருவகாலத்தில் இரண்டும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்து, மொத்த எண்ணிக்கையை அதன்படி பிரிக்கிறார்கள். நீளத்தை அளப்பதை யாரும் நிறுத்தவில்லை. பறவைக்கும் மீனுக்கும் அந்த எண் வேண்டும். பெயர் வைக்க மட்டும் அதைப் பயன்படுத்துவதில்லை.

சோதனைக்கு வசதி இல்லாதவர் தட்டில் கிடக்கும் அந்த 2.7 மில்லிமீட்டர் உயிருக்கு என்ன எழுதுவது? ‘கலானஸ், ஐந்தாம் பருவம், 2.7 மி.மீ.’ என்று எழுதலாம். ஜாடி ஆல்கஹாலில் இருந்தால் மீதியைப் பிறகு வருபவர் நிரப்பிக்கொள்வார்.